தார்ப்பாய்க் கயிற்றுக்கு ஒரு நகரும் முடிச்சு

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம், சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய தார்ப்பாய் விடிவதற்குள் தொய்ந்து போகும். நைலான் கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும், அதுதான் காரணம். விரல் மரத்துப்போகும் குளிரில் ஈர முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவது பெரும்பாடு. அவிழ்க்காமலே இறுக்க, தளர்த்த ஒரு முடிச்சு உண்டு. கூடாரம் போடுகிறவர்கள் டாட்லைன் ஹிட்ச் என்பார்கள்.

பழகுவதற்குக் கூடாரம் தேவையில்லை. பென்சில் பருமனில் இரண்டு மீட்டர் கயிறும் ஒரு கனமான நாற்காலியும் போதும். கயிற்றின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுநுனியை நாற்காலிக் காலைச் சுற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். இப்போது ஜன்னலிலிருந்து வரும் கயிறும் கையிலிருக்கும் நுனியும் அருகருகே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் வளையம்.

காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, நுனியை ஜன்னல் கயிற்றின் மேலே போட்டு, அடியில் விட்டு, வளையத்துக்குள் வழியாக மேலே எடுங்கள். இது முதல் சுற்று. அதை ஒட்டி, நாற்காலிப் பக்கமாக, அதேபோல் இன்னொரு சுற்று. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏறினால் பிடிமானம் போய்விடும்.

அடுத்ததில்தான் பலரும் தடுமாறுவார்கள். நுனியை அந்த இரண்டு சுற்றையும் தாண்டி வெளியே, ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். அங்கே அதே திசையில் ஜன்னல் கயிற்றை ஒரு முறை சுற்றி, இப்போது தாண்டிவந்த இழைக்கு அடியில் நுனியை நுழைத்து இழுங்கள். மூன்றாவதையும் உள்ளேயே சுற்றினால் முடிச்சே விழாது. நான்கு விரல் நீளம் வால் விட்டு இறுக்குங்கள்.

சரி, சோதியுங்கள். ஜன்னல் கயிற்றைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அசையக் கூடாது. முடிச்சையே பிடித்துத் தள்ளினால் நகர வேண்டும். வெளியில் கட்டும்போது ஜன்னல் இடத்தில் தார்ப்பாய், நாற்காலிக் கால் இடத்தில் தரையில் அடித்த முளை. முடிச்சைத் தார்ப்பாய்ப் பக்கம் தள்ளினால் கயிறு விறைக்கும், முளைப் பக்கம் தள்ளினால் தளரும். வழுவழுப்பான கயிறு என்றால் உள்ளே மூன்று சுற்றாகப் போட்டு, வெளிச் சுற்றை அதன்பிறகு போடுங்கள். துணி காயப்போடும் கொடிக்கும் இதே முடிச்சுதான். மலையில் அந்தத் துணி காயுமா என்பது வேறு விஷயம். ஆனால் ஊஞ்சல், ஏறுகயிறு என்று ஆள் எடை தாங்கும் எதற்கும் இதை நம்பாதீர்கள்.

கைவினைக்கு மெழுகு பூசிய பருத்தி நூல் நன்றாகப் பிடிக்கும். பாசிமணி கோத்த நூலை வட்டமாக்கி, இரு நுனிகளையும் எதிரெதிராகச் சற்று ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். வலது நுனியால் இடது நூலின்மேல் இதே முடிச்சு ஒன்று, இடது நுனியால் வலது நூலின்மேல் இன்னொன்று. இரண்டு முடிச்சையும் விலக்கினால் மாலை சிறிதாகும், நெருக்கினால் பெரிதாகும். கடைசியில் நுனி பிரியாமல் ஒரு சொட்டு பசை வைத்துவிடுங்கள், முடிச்சின்மேல் மட்டும் படாமல்.