சாலைக் குறுக்குவெட்டுக் கணக்கு: சரிவான தரையில் கரையின் அடி எதுவரை போகும்?

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஊரகச் சாலையை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரையின் அடி, அதாவது டோ, இருபுறமும் எதுவரை போகும்? பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரர் வந்து கேட்பதற்கு முன்னால் இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அகலம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) ஊரகச் சாலைக் கையேடான எஸ்பி 20 படி, வண்டி ஓடும் பரப்பான கேரேஜ்வே 3.75 மீட்டர், சமவெளியில் ஓரங்களையும் சேர்த்த ஃபார்மேஷன் அகலம் 7.5 மீட்டர். மிச்சத்தைப் பாதியாக்கினால், சாலையோரப் பகுதியான ஷோல்டர் ஒவ்வொரு பக்கமும் 1.875.

அப்புறம் கேம்பர், அதாவது மழைநீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொடுக்கும் சாய்வு. தார்ப்பரப்புக்கு 3 சதவீதம், மண் ஷோல்டருக்கு 4 சதவீதம் எடுக்கிறேன். 1.875 × 0.03 = 0.056, 1.875 × 0.04 = 0.075. ஆக நடுக்கோட்டிலிருந்து ஷோல்டர் விளிம்புக்கு 0.131 மீட்டர் இறக்கம். நடுவில் கரை உயரம் 1.5 மீட்டர் என்றால் விளிம்பில் 1.369தான். சைடு ஸ்லோப், அதாவது கரையின் பக்கச் சரிவு, இந்த விளிம்பிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் 1.5ஐ வைத்துப் பெருக்காதீர்கள். 2க்கு 1 சரிவில் (2 மீட்டர் கிடையாகப் போனால் 1 மீட்டர் இறக்கம்), சமதரையில், 7.5 + 2 × 2 × 1.369 = 12.98 மீட்டர். 1.5 போட்டிருந்தால் 13.5 வந்திருக்கும், அரை மீட்டர் நிலம் சும்மா போயிருக்கும்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் தரை சமமாகவா இருக்கிறது? 10க்கு 1 சரிவு என்று எடுப்போம். இங்கே டோவைப் பிடிக்க ஒரு குறுக்குவழி: சைடு ஸ்லோப் கோட்டை மனதுக்குள் மேலே நீட்டி நடுக்கோட்டைத் தொட விடுங்கள். அது தொடும் உயரம் 1.369 + 3.75 × 0.5 = 3.244 (இங்கே 3.75 ஃபார்மேஷன் அகலத்தின் பாதி, 0.5 என்பது 2க்கு 1 சரிவு, கீழே வரும் 0.1 தரையின் 10க்கு 1 சரிவு). இதைப் பள்ளப் பக்கம் 0.5 − 0.1 ஆலும் மேட்டுப் பக்கம் 0.5 + 0.1 ஆலும் வகுத்தால் போதும். பள்ளத்தில் 8.11, மேட்டில் 5.41. மொத்த அகலம் 13.52தான், அரை மீட்டர்தான் கூடியிருக்கிறது, ஆனால் பள்ளத்துக் கொல்லைக்குள் 1.62 மீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டோம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

தரைச் சரிவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து நடுவிலும் இருபுறம் 10 மீட்டரிலும் ரீடிங் எடுங்கள். காலையிலேயே முடித்துவிடுவது நல்லது, நம்ம வேலூர் வெயில் ஏறிவிட்டால் ஸ்டாஃபில் (அளவுக் கோலில்) உள்ள கோடுகள் கானலில் நெளிய ஆரம்பித்துவிடும். சிவில் த்ரீடி மாதிரி மென்பொருள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பத்து செக்‌ஷனை கிராஃப் தாளில் 1:100 அளவில் வரைந்து, இதே கணக்கை எக்செலில் போட்டு வந்த விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: 1.875 ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேரேஜ்வேயின் பாதி, ஷோல்டர், 3.75 × 0.5 மூன்றும் இந்தக் கணக்கில் தற்செயலாக ஒரே எண். எக்செலில் மூன்றுக்கும் ஒரே செல்லைக் காட்டிவிட்டால், அடுத்த சாலைக்கு அகலத்தை மாற்றியதும் விடை கோணிவிடும்.

இன்னொருவருக்கு டோ 60 மீட்டருக்கு அப்பால் வந்ததாம். அவருடைய தரைச் சரிவு 2க்கு 1ஐ நெருங்கிவிட்டது, வகுக்கும் எண் கிட்டத்தட்ட பூஜ்யம். தரையும் கரையும் ஒரே சரிவில் போனால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. எக்செலைத் திட்டிப் பயனில்லை, அங்கே தடுப்புச்சுவர்தான்.