செவ்வாய் மண்ணில் எது நகர்ந்தது? படத்தில் கண்டுபிடிக்கும் வழி

செவ்வாயில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். 2006-லிருந்து அந்தக் கிரகத்தைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலத்தில் ஹைரைஸ் என்றொரு கேமரா இருக்கிறது. அது எடுக்கும் படங்களை அரிசோனா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே போடுகிறது. ஒரு பிக்சல் ஏறக்குறைய 30 செ.மீ. என்பதால் சாப்பாட்டு மேஜை அளவு பாறைகூடத் தெரியும்.

வடக்கை மேலே வைத்துத் திருத்திய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் முதலில் நிழலைப் பாருங்கள். துருவங்களை விட்டுவிட்டால், விண்கலம் கடக்கும் நேரம் அங்கே பிற்பகல் மூன்று மணிவாக்கில் இருக்கும். அதனால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். நம் கண்ணோ மேலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு பள்ளத்தை மேடாக்கிவிடும். சந்தேகம் வந்தால் விண்கல் விழுந்த வட்டக்குழி ஒன்றைத் தேடுங்கள். அதன் இடது சுவர் நிழலாகவும் வலது சுவர் பளிச்சென்றும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

அடுத்து படத்தின் எண். PSP_007338_2640 என்று இருந்தால், கடைசி நான்கு இலக்கத்தைப் பத்தால் வகுத்து 180-ஐக் கழியுங்கள்: வடக்கே 84 டிகிரி. விடை மைனஸில் வந்தால் தெற்கு. இந்தக் குறிப்பிட்ட படத்தைக் கட்டாயம் பாருங்கள். 2008 பிப்ரவரி 19 அன்று எடுத்தது. வடதுருவத்தில் 700 மீட்டர் உயரச் செங்குத்துச் சரிவிலிருந்து பனியும் புழுதியும் இடிந்து விழுந்து, அடிவாரத்தில் புகைபோல எழும்பிக்கொண்டிருக்கும்போதே சிக்கியது. அந்தச் சரிவில் வரிவரியாகத் தெரிகிறதே, அவை பனியும் தூசும் மாறி மாறிப் படிந்த அடுக்குகள். கிரகத்தின் அச்சுச் சாய்வு மாற மாற, தட்பவெப்பமும் மாறியதன் பதிவு.

அப்புறம் பருவம். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் சூரியத் தீர்க்கரேகை என்ற எண் இருக்கும். 0 என்றால் வடபாதியில் வசந்தத் தொடக்கம், 90 கோடை, 180 இலையுதிர்காலம், 270 குளிர்காலம். தெற்கே தலைகீழ். ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஒப்பிடும்போது இந்த எண் பத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் நான் அந்த ஜோடியைத் தொடுவதே இல்லை. நிழலின் நீளம் மாறியிருக்கும், உறைபனி வந்து போயிருக்கும். செவ்வாயின் ஆண்டு 687 நாள், ஆகவே நல்ல ஜோடி கிடைக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருட இடைவெளி தேவை. 180-க்கு மேல் புழுதிக் காலம் வேறு. 2018-இல் கிரகம் முழுக்க மூடிய புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் நிறமே மாறித் தெரிந்தால் பதறாதீர்கள், தூசு இடம் மாறியிருக்கும்.

பழக, நிலி பட்டேரா என்ற இடத்தின் மணல்மேடுகள் நல்லது. அசையாத பாறை ஒன்றை அடையாளம் வைத்து, மணல் விளிம்பு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பிக்சலை எண்ணுங்கள்.

வெயில் காலத்தில் சரிவுகளில் கருங்கோடுகள் நீள்வதைக் கண்டால் உடனே தண்ணீர் என்று எழுதிவிடாதீர்கள். 2011-இல் இவற்றை அறிவித்தபோது உப்புநீராக இருக்கலாம் என்றார்கள். 2017-இல் சாய்வை அளந்து பார்த்தால், உலர்மணல் சரியும் அளவுக்குச் செங்குத்தான இடத்தில்தான் கோடுகள் ஓடி நிற்கின்றன. கோட்டின் நிறத்தைவிட அது நிற்கும் இடத்தின் சாய்வே பயன்படும் தகவல்.

செர்பரஸ் பிளவுகள் என்ற நீண்ட நிலவெடிப்புகளில் மட்டும் படத்தை நம்ப வேண்டாம். பார்க்க அசைவு தெரியாமல் போகலாம். ஆனால் 2018-இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலத்தின் நிலநடுக்கமானி பதிவுசெய்த அதிர்வுகளில் பல அந்தப் பக்கத்திலிருந்தே வந்தவை.