கென்ட்டில் குடியிருப்பவர்களுக்கு: எதற்குக் கவுன்சில், எதற்கு எம்.பி.?

குப்பை வண்டி வரவில்லை என்று எம்.பி.க்கு எழுதுபவர்கள் உண்டு. அவர் அலுவலகம் அதைக் கவுன்சிலுக்குத் தள்ளிவிடும், உங்களுக்கு நாள்தான் வீண். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் ஆஷ்ஃபோர்டு ஊரை வைத்தே பார்ப்போம்.

படி 1: கவுன்சில் வரி பில்லை எடுங்கள்

பில்லை அனுப்புவது ஆஷ்ஃபோர்டு பரோ கவுன்சில், அதாவது உள்ளூர் அளவிலான கவுன்சில். ஆனால் பணத்தில் பெரும்பங்கு அதற்கு மேலடுக்கில், மெய்ட்ஸ்டோனில் இருக்கும் கென்ட் கவுன்டி கவுன்சிலுக்குப் போகிறது. போலீஸ், தீயணைப்பு என்று மற்றவர்கள் பங்கும் அதில் தனித்தனியாக இருக்கும். ராசெஸ்டர், ஜில்லிங்ஹம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1998 முதல் அங்கே மெட்வே கவுன்சில் ஒன்றே பரோ, கவுன்டி இரண்டின் வேலைகளையும் பார்க்கிறது.

படி 2: பிரச்சினை யாருடையது?

வீட்டுவசதி, கட்டட அனுமதி என்றால் பரோ. உள்ளூர்ச் சாலைப் பள்ளம், பள்ளிச் சேர்க்கை, முதியோர் பராமரிப்பு, நூலகம் என்றால் கவுன்டி. குப்பைதான் குழப்பும்: வாசலில் வைக்கும் தொட்டியை எடுப்பது பரோ, பழைய மெத்தையைக் காரில் ஏற்றிப் போய்ப் போடும் மையம் கவுன்டியுடையது. எம்20 நெடுஞ்சாலையில் பள்ளம் என்றால் இரண்டுமே இல்லை, நெடுஞ்சாலைகளைப் பராமரிக்கும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனம்!

இந்த இரண்டடுக்கு முறையை எடுத்துவிட்டு ஒற்றை அடுக்குக் கவுன்சில்களைக் கொண்டுவர அரசு 2028ஐக் குறி வைத்திருக்கிறது. அதுவரை இந்தப் பிரிவினைதான்.

படி 3: ஆளைக் கண்டுபிடியுங்கள்

ரைட்டுதெம் என்ற இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் கவுன்சிலர்கள், எம்.பி. எல்லாரும் வருவார்கள். ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். டென்டர்டன் ஆஷ்ஃபோர்டு பரோவில்தான் இருக்கிறது, ஆனால் அதன் நாடாளுமன்றத் தொகுதி வீல்ட் ஆஃப் கென்ட்.

முதலில் கவுன்சில் தளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். வேலை நடக்கவில்லையென்றால் அந்த எண்ணோடு கவுன்சிலருக்கு எழுதுங்கள். வெறும் புலம்பலைவிட இதற்குத்தான் மதிப்பு.

படி 4: எம்.பி.க்கு எழுதுவது

விசா இழுத்தடிப்பு, வருமான வரி, பென்ஷன் போன்ற மத்திய அரசு விஷயங்களுக்கு இவர். ஆஷ்ஃபோர்டு எம்.பி. சோஜன் ஜோசப் கேரளத்திலிருந்து வந்த நர்ஸ். 1997 முதல் தொகுதியைக் கையில் வைத்திருந்த டேமியன் கிரீனை 2024 ஜூலையில் தோற்கடித்தவர். நம்ம பக்கத்து ஊர்க்காரர்தானே என்று வேறு தொகுதியிலிருந்து எழுதிப் பயனில்லை. எம்.பி.க்கள் தங்கள் தொகுதிக்காரர்களின் பிரச்சினையைத்தான் எடுப்பார்கள். அதனால் முழு முகவரி, அஞ்சல் குறியீடு, விசா விஷயமென்றால் ஹோம் ஆஃபீஸ் (உள்துறை) குறிப்பு எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். நிலவரம் என்ன என்று அவர் கேட்டுச் சொல்ல முடியும், முடிவு அவர் கையில் இல்லை.

படி 5: ஓட்டுப் பதிவு

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், 18 வயதாகி முறையான விசாவில் இங்கே வசித்தாலே போதும், கவுன்சில் தேர்தல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் வரை எல்லாவற்றிலும் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையே இல்லை. அரசு இணையதளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோடு விண்ணப்பியுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். 2023 முதல் சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள், இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். அன்றைக்கு டியூட்டி விழும் என்று தோன்றினால் தபால் ஓட்டு கேளுங்கள், அதற்குத் தனி விண்ணப்பம்.