38-ஆ, 39-ஆ?

ராணுவத்தில் நாயக்காக இருந்த நான், அடுத்த பதவியான ஹவில்தாருக்குரிய தேர்வுக்குக் கடலூரில், விடுமுறையில் படித்தேன். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 38, 39ஆம் பிரிவுகள் மட்டும் மண்டையில் ஏறவில்லை. சுவரில் எழுதி ஒட்டியும் பயனில்லை. தேவனாம்பட்டினக் கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் புலம்பினேன்.

"லீவு முடிந்து வராதவனுக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்ததா?" என்று கேட்டார்.

அதுதானே விஷயம்! எண்ணமே இல்லையென்றால் 38, படையைவிட்டு ஓடுதல். இருந்தால் 39, அனுமதியின்றி வராமை. பிறகு மனப்பாடத்தை விட்டேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிப்பாயைக் கற்பனை செய்தேன். "நீதான் தலைவன், என்ன செய்வாய்?" என்று அப்பா மடக்குவார். மேலதிகாரியை அடித்தவன் 40, கட்டளையை மீறியவன் 41, குடித்தவன் 48. கடைசி ஆளின் கதையை மட்டும் அவர் இரண்டு முறை கேட்டார்.