சிபாப் போட்டும் வாய் திறந்துகொள்கிறதா? எச்சில் வழிகிறதா? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் உறக்க மூச்சுத்தடைக்கு, மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷினைப் போட ஆரம்பித்தவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி வரும். ஒருவருக்கு விடியும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். இன்னொருவருக்குத் தலையணை உறை ஈரமாக இருக்கும். நேர் எதிரான தொல்லைகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: தூங்கும்போது வாய் திறந்திருக்கிறது. மூக்கு வழியாக மெஷின் தள்ளும் காற்று வாய் வழியே தப்பி ஓடினால் வாய் காய்கிறது. ஒருக்களித்துப் படுத்தவருக்குத் தேங்கிய எச்சில் உதட்டோரமாக இறங்குகிறது. ஒரே இரவில் இரண்டும் நடப்பதும் உண்டு.

உடனே வாயை மூடி வைக்கத் தாடையைத் தூக்கிக் கட்டும் தாடைப் பட்டி வாங்கப் போகாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

அது எச்சில்தானா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹ்யூமிடிஃபையரிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி மாஸ்க்குக்குள் இறங்கும். அந்த நீர் வழவழப்பில்லாமல் இருக்கும். குழாயில் துளிகள் தெரியும், மூச்சு விடும்போது 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். எச்சில் பிசுபிசுக்கும், காய்ந்த பிறகு மாஸ்க்கின் கீழ் விளிம்பிலும் தலையணையிலும் வெள்ளைத் தடம் விடும்.

குழாய் நீர் என்றால் வழி எளிது. சூடேறும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூட்டுங்கள். இல்லையென்றால் குழாயின் மேல் துணி உறை தைத்துப் போடுங்கள், அல்லது போர்வைக்கு உள்ளே விடுங்கள். மெஷின் எப்போதும் தலைக்குக் கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் நீர் தொட்டிக்குத் திரும்பும். பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் ஸ்டூல் மேல் மெஷினை வைப்பதுதான் தவறு. ஒரு மணைப்பலகை உயரம் போதும். தலையணையை மெஷினை விடச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

மூக்கு

வாய் திறப்பதற்குப் பெரிய காரணம் மூக்கடைப்பு. படுக்கும் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடி, மூன்று நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். திணறினால் எந்தப் பட்டியும் உதவாது. பிறகு ஒவ்வொரு நாசித்துளையாக மூடிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

கிரானைட் பட்டறைத் தூசியில் வேலை செய்பவர்களுக்கும், மா பூக்கும் தை, மாசியில் தும்மல் பிடிப்பவர்களுக்கும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேராத உப்பு 2 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடக்கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. படுக்க ஒரு மணி நேரம் முன்பே கழுவி முடித்துவிடுங்கள்.

அடைப்பை உடனே திறக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளைக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்பை விட மோசமாகத் திரும்பி வரும். டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அது முழுப் பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும், ஒரே வாரத்தில் கைவிடாதீர்கள்.

ஒரு சுழல் இங்கே உண்டு. வாய் வழியே காற்று ஒழுகினால் மூக்கின் வழியே ஒரே திசையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கின் உட்சவ்வு காய்ந்து வீங்கும். வீங்கினால் மூக்கு அடைக்கும். அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இதை அறுப்பது ஈரப்பதம்தான். வாய் காய்பவர்கள் ஹ்யூமிடிஃபையர் அளவை ஓர் இரவுக்கு ஒரு படி வீதம் கூட்டுங்கள். குழாயில் துளி கட்டினால் ஒரு படி இறங்குங்கள்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து போர்வெல் தண்ணீரின் கடினமும் ஃப்ளோரைடும் ஊரறிந்த சங்கதி. சூடான தட்டிலிருந்து எழும் ஆவியில் அந்த உப்புகள் ஏறுவதில்லை, ஆகவே நுரையீரலுக்குப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் தொட்டியின் அடித்தட்டில் வெள்ளைப் பொருக்குக் கட்டும், சூடு சரியாக ஏறாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. பொருக்குக் கட்டிவிட்டால் ஒரு பங்கு வினிகர், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிடுங்கள்.

அழுத்தமும் தாடையும்

கன்னம் உப்பி, உதடு 'புஸ்' என்று திறந்தால் அழுத்தம் உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். குறைவாக இருந்து, மூச்சுத்தடை மிச்சம் இருந்தாலும் வாய் திறக்கும். அதனால் அழுத்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள். மெஷின் காட்டும் ஏ.எச்.ஐ. எண் (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 5-க்கு மேலேயே நிற்கிறதா, காற்றொழுக்கு எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் காற்றொழுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. வேறு மெஷினோடு எண்ணை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

நாக்குக்கு ஒரு பழக்கம். 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நுனி மேல் பற்களுக்குப் பின்னால் நிற்கும். அங்கிருந்து நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு ஒட்டி உதட்டை மூடுங்கள். மாலையில் டிவி பார்க்கும்போது மாஸ்க்கைப் போட்டு அரைமணி நேரம் இப்படி இருந்து பழகினால், தூக்கத்திலும் ஓரளவு நிற்கும்.

மூக்கு நன்றாகத் திறந்திருந்தும் தாடை மட்டும் தொங்குகிறது என்றால் அப்போது தாடைப் பட்டி. இழுப்பு மேல்நோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கி இழுத்தால் தாடையோடு நாக்கும் பின்னுக்குப் போய் மூச்சுத்தடை கூடும். பட்டி உதட்டை ஒட்டாது, உதட்டிடுக்கில் காற்று ஒழுகலாம்.

வாயில் டேப் ஒட்டுவது இப்போது பரவுகிறது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க்கும் டேப்பும் சேர்ந்தால் நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். வாந்தி வந்தால் இன்னும் ஆபத்து. மூக்கடைப்பு, எதுக்களிப்பு, குடி, தூக்க மாத்திரை இதில் எது இருந்தாலும் டேப்பைத் தொடாதீர்கள்.

மேலே சொன்னவை பலிக்காவிட்டால் வாயையும் மூக்கையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க். கரண்ட் போனால் வெளிக்காற்றை விடும் வால்வு இதில் உண்டு. ஆனால் எச்சில் கீழ்க் குஷனில் தேங்கும், தினமும் மென்மையான சோப்பில் கழுவ வேண்டும். முகத்தில் எண்ணெய் இருந்தால் குஷன் வழுக்கும். பட்டைகளைப் படுத்தபடி, காற்று ஓடும்போதே சரிசெய்யுங்கள். பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பவர்கள் கழற்றிய முகத்தில்தான் அளவு பார்க்க வேண்டும்.

எச்சில் மட்டும் நிற்கவில்லை என்றால்

மாஸ்க் புதிது என்றால் எச்சில் கூடுதலாகச் சுரக்கலாம், சில வாரத்தில் அடங்கும். இதற்காக மல்லாந்து படுக்கப் போகாதீர்கள், பலருக்கு மூச்சுத்தடை அந்த நிலையில்தான் அதிகம். ஒருக்களித்தே படுங்கள். கன்னத்தின் கீழ் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். கழுத்து மடங்காத உயரத்தில் தலையணை இருக்கட்டும்.

புளித்த நீர் தொண்டைக்கு வந்து வாய் ஊறினால் அது எதுக்களிப்பு. களியோ பிரியாணியோ, ராச்சாப்பாட்டைப் படுக்க மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆறு அங்குலம் முட்டுக் கொடுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கித் தொல்லை கூடும்.

மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் போன்ற சில மருந்துகளும் எச்சிலைக் கூட்டும். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பகலிலும் எச்சில் ஒழுகுகிறது, விழுங்கச் சிரமம், கை நடுக்கம் என்றால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்க வாய் கோணி, பேச்சுக் குழறி எச்சில் வழிந்தால் விடியும்வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.