பழைய பிரெஞ்சுத் தீயணைப்புக் கவசம் கையில் கிடைத்தால் புளி போடாதீர்கள்

எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் பித்தளை என்றால் பழப்புளிதான். வட்டா, படிக்கம், குத்துவிளக்கு எல்லாம் பொங்கலுக்கு முதல் கிணற்றடிக்கு வந்துவிடும். புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் இருந்தால் அரை மணித்தியாலத்தில் பளபளக்கும். அந்தக் கைப்பழக்கத்தில்தான் நானும் அந்தத் தலைக்கவசத்தின் பின்பக்கம், பிடரியை மூடும் தகட்டில், கொஞ்சம் புளியை வைத்துத் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் ஒரு குத்திக்காசு அளவு இடம் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. இன்றுவரை அது போகவில்லை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டால் செம்பு மட்டும் மேலே நிற்கும். குத்துவிளக்கு வார்த்துச் செய்த கனமான பொருள், வருடா வருடம் தேய்ப்பதைத் தாங்கும். கவசம் மெல்லிய தகடு. அதற்கு வேறு கை வேண்டும்.

இதை எனக்குக் கொண்டுவந்தது பிரான்சில் இருக்கும் தங்கச்சியின் மகன். அங்கே சனங்கள் பரணில் கிடக்கும் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்கிற சந்தைகள் உண்டாம். "பெரியம்மா, பித்தளைச் சாமான் என்றால் நீங்கதான் பார்ப்பீங்க, வெச்சிருங்க" என்றான். சரி மனே என்று வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று வந்தால், முதலில் எதையும் தேய்க்காமல் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். விரல் வியர்வையின் உப்பு பித்தளையில் ரேகையாகவே பதிந்துவிடும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அது பிற்காலத்தில் அலங்காரத்துக்கு முலாம் பூசிச் செய்ததாக இருக்கலாம், அல்லது உருக்குக் கவசமாக இருக்கலாம்.

அப்புறம் முன்பக்கத் தகட்டை வாசியுங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நடுவில் தீ கக்கும் கையெறி குண்டு, அதன் பின்னால் குறுக்காக இரண்டு கோடரி. கீழே நாடா போன்ற இடத்தில் 'சப்பேர் பொம்பியே' என்ற பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். பொம்பியே என்றால் தண்ணீர்ப் பம்பு இயக்குபவர், விளங்குகிறது. சப்பேர் என்றால் படைக்குப் பள்ளம் தோண்டி, சுவர் இடித்து வழி செய்பவர். தீயணைப்பில் அவருக்கு என்ன வேலை என்று யோசித்தேன். எங்கள் ஊரில் கிடுகு வீடு பற்றினால் என்ன செய்வார்கள்? தண்ணீர் அள்ளுகிறவர்கள் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக் கிடுகை இழுத்துப் பிடுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். அதேதான். தீ தாவ இடம் கொடுக்காமல் வெட்டி விடுவதற்குத்தான் அந்தக் கோடரி.

கையெறி குண்டு என்ற படைச் சின்னம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1810 ஜூலை 1ஆம் தேதி, நெப்போலியனின் திருமணத்தைக் கொண்டாட ஆஸ்திரியத் தூதுவர் பாரிசில் வைத்த நடன விருந்தில், மரத்தால் கட்டிய மண்டபம் தீப்பற்றியது. தூதுவரின் அண்ணன் மனைவியும் அதில் இறந்தார். நெப்போலியன் அடுத்த வருடம், 1811 செப்டெம்பர் 18ஆம் தேதி, பாரிஸ் தீயணைப்பை ஒரு படைப்பிரிவாக்கி ஆணையிட்டார். பாரிசின் தீயணைப்பாளர்கள் இன்றைக்கும் தரைப்படையைச் சேர்ந்தவர்கள். மார்செய்யில் கடற்படை. மற்ற ஊர்களில் ஊர்க்காரர்களே சேர்ந்தார்கள், அதனால்தான் ஊர்ப் பெயர் போட்ட தகடு இவ்வளவு கிடைக்கிறது.

மேலே சேவல் கொண்டைபோல ஓடும் முகடு அழகுக்கு மட்டுமல்ல, விழுகிற கூரை ஓடுகளையும் மரத்தையும் தாங்கும் பலம் அதில் உண்டு. 1915இல் பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கு வந்த அட்ரியன் உருக்குத் தொப்பியிலும் இந்தக் கொண்டையைக் காணலாம். லண்டன் தீயணைப்புத் தலைவர் ஷா பாரிசில் பார்த்துவிட்டுப் போய் 1860களில் தன் ஆட்களுக்கும் பித்தளைக் கவசம் போட்டார். பின்னாளில் வீடுகளுக்குள் மின்சாரம் வந்ததும் அது அங்கே ஆபத்தாகியது. பிரான்சில் 1885 மாதிரி பித்தளைக் கவசங்கள்தான் சேகரிப்பவர்கள் கையில் அதிகம். வெள்ளிபோல மின்னுவது 1933 மாதிரியாக இருக்கலாம்.

இனி சுத்தம் செய்வது. கச்சான் காற்றுக் காலத்தில் செய்யுங்கள், மாரியில் வேண்டாம். கவசத்தைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது, உள்ளே தோல் இருக்கிறது. மெல்லிய பழைய துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பித்தளையை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தோல் பித்தளையைத் தொடும் இடத்தில், ஆணித் தலைகளைச் சுற்றி, பச்சை மெழுகுபோல களிம்பு நிற்கும். தோலில் ஊறிய எண்ணெய் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. கத்தி வைக்காதீர்கள். தென்னை ஈர்க்கின் நுனியைச் சாய்வாகச் சீவி மெதுவாக நெம்பினால் சின்னச் சின்னத் துண்டாக வரும். நாடிக்குக் கீழே கட்டும் பட்டியின் செதில்களுக்கிடையிலும் இதே ஈர்க்குத்தான். ஒரு பக்கப் பட்டிக்கு எனக்கு இரண்டு பின்னேரம் போனது. நல்ல வேலை அது.

பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள். சாம்பலோ செங்கல் தூளோ போட்டால் தகட்டின் எழுத்துகள்தான் தேயும். நெளிவைத் தட்டி எடுக்கவும் வேண்டாம், அது யாரோ ஒருவரின் தலையைக் காப்பாற்றிய நெளிவாக இருக்கலாம். அமோனியா கலந்த பொலிஷும் ஆகாது. பிரித்தானியர் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம். அழுத்தி வளைத்த பித்தளைக்கெல்லாம் இந்த அபாயம் உண்டு, அதனால் கோழிக்கூட்டுப் பக்கமும் வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். உப்புக் காற்று சும்மா விடாது. பொலித்தீனில் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். நான் ஒரு மண்சட்டியை நன்றாக வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து, பலமுறை கழுவிக் கஞ்சிப்பசை போன பழைய வொயில் சேலையை அதில் சுற்றி, அதன்மேல் கவசத்தை இருத்தினேன். பாரம் பிடரித் தகட்டில் இறங்காமல் உச்சியில் நிற்கிறது.

சட்டியில் இருத்த முன் உட்தோலைப் படமெடுத்து வையுங்கள். என்னுடையதில் மங்கிய மையில் இரண்டு எழுத்துகள் இருந்தன, போட்டவரின் பெயராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் படத்தைத் தங்கச்சியின் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன், தகட்டில் உள்ள ஊருக்குப் போகிறானாம். கவசம் எங்கே வாங்கியது, நான் என்ன செய்தேன், புளி பட்ட இடம் எது என்பதையெல்லாம் பென்சிலால் ஒரு தாளில் எழுதிச் சட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.