பைத்தானிலிருந்து சி நிரலகங்களை அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலகத்தை, அதாவது லைப்ரரியை, பைத்தானிலிருந்து அழைக்கப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2006-இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பிலிருந்தே சிடைப்ஸ் என்னும் கூறு பைத்தானுடன் சேர்ந்து வருகிறது. ஒரு வரியில் நிரலகத்தை ஏற்றி, அடுத்த வரியில் செயற்கூற்றின், அதாவது ஃபங்ஷனின், பெயரைச் சொல்லி அழைத்துவிடலாம். பெரும்பாலான தவறுகள் இந்த எளிமையை நம்புவதால்தான் நேர்கின்றன. கம்பைல் செய்யப்பட்ட சி நிரலகத்திலிருந்து சிடைப்ஸ் அறிந்துகொள்வது செயற்கூற்றின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் மட்டுமே. அது எத்தனை மதிப்புகளை வாங்குகிறது, எந்த இனத்து (டைப்) மதிப்பைத் திருப்பித் தருகிறது என்பன செயற்கூறுகளின் அறிவிப்புகளைக் கொண்ட ஹெடர் கோப்பில் உள்ளன. சிடைப்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. அழைப்பவர் எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் ஊகம்தான்.

அந்த ஊகம் முதலில் பிழையாவது திரும்பி வரும் மதிப்பில். திரும்பி வரும் மதிப்பின் இனத்தைச் சொல்லும் ரெஸ்டைப் என்ற பண்பில் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், எந்தச் செயற்கூறும் சி மொழியின் இன்ட் என்ற முழு எண் இனத்தையே தருகிறது என்று சிடைப்ஸ் கொள்கிறது. வர்க்கமூலம் காணும் செயற்கூற்றை இப்படி அழைத்தால் விடைக்குத் தொடர்பே இல்லாத ஒரு முழு எண் கிடைக்கும். அது கண்ணில் படும் தவறு என்பதால் ஆபத்து குறைவு. பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, தரும் செயற்கூறுகளில்தான் உண்மையான இடர் இருக்கிறது. 64 பிட் கணினியில் நினைவக முகவரி 8 பைட்டு, இன்ட் 4 பைட்டு. முகவரியின் மேல்பாதி ஓசையின்றி வெட்டுப்பட்டுவிடும். முகவரி சிறிய எண்ணாக அமைந்துவிட்ட கணினியில் எல்லாம் சரியாக ஓடும். வேறொரு கணினியில் அதே நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று முறிந்து விழும். ஆகவே ஒரு முறை ஓடியது என்பதைச் சரி என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. நிரலகத்தை ஏற்றிய உடனேயே, பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் ரெஸ்டைப், வாங்கும் மதிப்புகளின் இனங்களைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் இரண்டையும் ஹெடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட வேண்டும். அப்போதும் லாங் என்ற இனத்தைத் தன்னிச்சையாக 8 பைட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்டு, 64 பிட் விண்டோஸில் 4 பைட்டு.

தமிழ் உரையைக் கையாளுபவர்கள் சரங்களில், அதாவது ஸ்ட்ரிங்குகளில், கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பைத்தான் 3-இல் ஒரு சரத்தை அப்படியே அனுப்பினால், ஆர்க்டைப்ஸ் எழுதப்படாத நிலையில், சிடைப்ஸ் அதை, ஓரெழுத்துக்குப் பல பைட்டுகளை ஒதுக்கும் அகன்ற எழுத்துகளின் தொடராக மாற்றி அனுப்புகிறது. சி மொழியின் பெரும்பாலான செயற்கூறுகள் எதிர்பார்ப்பதோ பைட்டுகளின் தொடர். நீளம் காணும் ஸ்ட்ர்லென் செயற்கூற்றிடம் ‘தமிழ்’ என்ற சொல்லை இவ்வாறு கொடுத்தால், வழக்கமான லினக்ஸ் கணினியில் விடை 2 என்று வரும். ‘த’ என்ற முதல் எழுத்தின் இரண்டு பைட்டுகளுக்குப் பின் வரும் சுழியைச் சரத்தின் முடிவு என்று அது எடுத்துக்கொள்வதே காரணம். யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக மாற்றி அனுப்பினால் 15 என்று வரும். அந்த 15-உம் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. ஐந்து யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. உரையை வைக்கும் இடையகத்தின் (பஃபர்) அளவை எழுத்துகளை எண்ணி ஒதுக்குபவர்கள் இங்கேதான் நினைவகத்தை மீறி எழுதுகிறார்கள். சி செயற்கூறு எழுதி நிரப்பவேண்டிய இடத்துக்குப் பைத்தானின் மாற்றவியலாத பைட்ஸ் பொருளைக் கொடுப்பதும் பெரும் பிழை.

ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஹெடர்கூடச் சொல்லாது. ஆவணத்தைத்தான் படிக்க வேண்டும். ஸ்ட்ர்டப் போன்ற செயற்கூறு புதிதாக ஒதுக்கித் தரும் சரத்தை, சரத்தின் முகவரியைக் குறிக்கும் சி_சார்_பி என்ற இனமாக அறிவித்து வாங்கினால், சிடைப்ஸ் அதைப் பைத்தான் பைட்டுகளாகப் படியெடுத்துக் கொடுத்துவிட்டு மூல முகவரியைக் கைவிட்டுவிடுகிறது. விடுவிக்க முகவரி இல்லாததால் ஒவ்வோர் அழைப்பிலும் நினைவகம் கசியும். வெறும் முகவரியைக் குறிக்கும் சி_வாய்ட்_பி இனமாக வாங்கி, உள்ளடக்கத்தைப் படியெடுத்த பின், அந்த நிரலகமே தரும் விடுவிப்புச் செயற்கூற்றிடம் ஒப்படைப்பதே முறை.

இதற்கு நேர்மாறான தவறு, பைத்தான் பொருள் உரிய காலத்துக்கு முன்பே மறைந்துவிடுவது. பைத்தான் செயற்கூறு ஒன்றைச் சி நிரலகம் அழைக்கும்படி பின்னழைப்பாக (கால்பேக்) சுற்றிக் கொடுத்து, சி நிரலகம் அதைச் சேமித்துவைத்துப் பிறகு அழைக்கும் என்றால், சுற்றிய அந்தப் பொருளுக்கு நம் பக்கத்தில் ஒரு மாறி இருந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைத்தான் அதை அழித்துவிடும். நிரலகம் இல்லாத இடத்தை அழைக்கும்.

எழுதப்படாத ஒப்பந்தம் எவ்வளவு காலம் மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு லாபாக் ஒரு சான்று. 1992-இல் முதலில் வெளியான இந்த நேரியல் இயற்கணித நிரலகம் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் ஒவ்வொரு சரத்துக்கும் அதன் நீளத்தைக் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் மதிப்பாக இறுதியில் அனுப்புகின்றன. லாபாக்கின் சரங்கள் பெரும்பாலும் ஓரெழுத்தே என்பதால், சி மொழியிலிருந்து அழைத்தவர்கள் பலர் அந்த நீளங்களை அனுப்பாமலே விட்டார்கள். பல்லாண்டுகள் ஒன்றும் நேரவில்லை. பின்னர் ஜிஎன்யூ ஃபோர்ட்ரான் கம்பைலர், வராத அந்த மதிப்புகளுக்குரிய அடுக்கு நினைவக இடத்தை மீண்டும் பயன்படுத்தும் வகையில் நிரலைச் செம்மைப்படுத்தத் தொடங்கியபோது, 2019-இல் புள்ளியியலுக்கான ஆர் மொழியைச் சார்ந்த நிரல்கள் முறியத் தொடங்கின. ஆர் மொழியினர் விடுபட்ட நீளங்களை எழுதிச் சேர்த்தார்கள். கம்பைலர் தரப்பும் பழைய நிரல்களுக்காகத் தனி ஏற்பாடு ஒன்றைச் செய்தது.

அழைக்கவேண்டிய செயற்கூறுகள் பத்துக்குமேல் இருந்தால் சிடைப்ஸை விடச் சிஎஃப்எஃப்ஐ என்ற கருவியையே நான் பரிந்துரைப்பேன். ஹெடரின் அறிவிப்புகளை ஏறக்குறைய அப்படியே அதில் எழுதலாம். ஏபிஐ முறையில் அது சி கம்பைலரையே அழைத்துக் கட்டுவதால், நம் அறிவிப்பும் உண்மையான ஹெடரும் பொருந்தாத இடங்கள் பலவற்றை, நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் சுட்டிக்காட்டிவிடும்.